நின்றுபோன எஸ்கலேட்டரில் தடுமாறும் கால்: விரைவுத் தகவமைவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பழுதாகி நின்றுபோன எஸ்கலேட்டர் ஒன்றை நோக்கி ஒருவர் நடந்துவருகிறார். படிகள் அசையவில்லை என்பது சில அடி தொலைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கைப்பிடிப் பட்டையும் நிற்கிறது, இயந்திரத்தின் இரைச்சலும் இல்லை. இனி இதைச் சாதாரணப் படிக்கட்டாகக் கருதி ஏற வேண்டியதுதான் என்று அவர் மனத்துக்குள் முடிவும் செய்துவிடுகிறார். ஆனால் முதல் தட்டில் கால் பட்ட கணத்தில் உடம்பு முன்னே சரிகிறது, பின்னாலிருந்து யாரோ இலேசாகத் தள்ளியதுபோல நடை குலைகிறது, சிலருக்குத் தலை கிறுகிறுப்பதுபோன்ற உணர்வும் வருகிறது. அடுத்த இரண்டு மூன்று படிகளுக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. பெரும்பாலும் யாரும் விழுவதில்லை என்பதால் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்பவரும் இல்லை.

புலன்கள் தரும் செய்தி மாறும்போது நரம்பு மண்டலம் எவ்வளவு விரைவாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஆராய இந்தச் சிறு தடுமாற்றத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தகவமைவு ஒழுங்காக நடக்கும்போது அது தென்படுவதே இல்லை. ஓடும் எஸ்கலேட்டரில் நாள்தோறும் ஏறுகிறவர், தம் கால்களும் முதுகும் அதற்கென்று தனியாக ஏதோ செய்கின்றன என்பதை உணர்வதில்லை. சூழல் திடீரென்று பழைய நிலைக்குத் திரும்பி, உடம்பு மட்டும் மாறிய நிலையிலேயே இருந்துவிடும்போதுதான், அது அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பது வெளிப்படுகிறது. இந்த மிச்சத்தை ஆய்வாளர்கள் பின்விளைவு என்கிறார்கள். பின்விளைவு இருக்கிறது என்றால் தகவமைவு நடந்திருக்கிறது என்று பொருள். அதன் அளவும் ஆயுளும், நடந்த தகவமைவு எத்தகையது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஓடும் படியில் ஏறுவதன் கணக்கு

எஸ்கலேட்டர்கள் பொதுவாக விநாடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அதில் கால் வைத்ததும் பாதம் முன்னே இழுத்துச் செல்லப்படுகிறது, உடலின் மேற்பகுதியோ தன் பழைய வேகத்திலேயே இருக்க முயல்கிறது. எனவே ஒன்றும் செய்யாமல் இருந்தால் மனிதர் பின்னால் சாய்ந்துவிடுவார். சாய்வதை உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும், கணுக்காலைச் சுற்றிய தசைகளிலுள்ள நீட்சி உணரிகளும், கண்ணும் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் அந்தச் செய்தி போய்ச்சேர்ந்து, சமநிலையை உண்மையில் மீட்கும் தசை இயக்கம் தொடங்குவதற்கு ஏறத்தாழ 100 மில்லிவிநாடி ஆகிறது. யோசித்துச் செய்யும் அசைவுக்கு இதைவிடவும் நேரம் வேண்டும். அந்த 100 மில்லிவிநாடிக்குள் பாதம் 5 சென்டிமீட்டர் முன்னே போயிருக்கும். தாங்குவதற்குக் கைப்பிடி இல்லாத நிலையில் இது சிறிய தொலைவல்ல.

ஆகவே பிழை நேர்ந்த பிறகு திருத்துவது மட்டும் போதாது. கால் படுவதற்கு முன்பே நடையின் வேகத்தைக் கூட்டி, உடலை இலேசாக முன்னே சாய்த்து, வரப்போகும் இழுப்புக்கு ஈடு செய்துவைக்க வேண்டும். பழகியவர்கள் அனைவரும் இதைத்தான் செய்கிறார்கள். அதாவது, அவர்கள் எதிர்கொள்வது இப்போது வந்துகொண்டிருக்கும் புலன்செய்தியை அல்ல, இன்னும் கால் விநாடியில் வரப்போவதாக நரம்பு மண்டலம் கணிக்கும் செய்தியை. நின்றுபோன எஸ்கலேட்டரில் அந்தக் கணிப்பு பொய்த்துவிடுகிறது, ஈடு மட்டும் நிறைவேற்றப்பட்டுவிடுகிறது. முன்னால் தள்ளியது யாருமில்லை. தள்ளியது அவருடைய சொந்த உடம்புதான்.

அளந்து பார்த்தபோது

2003ஆம் ஆண்டில் லண்டனில் ரேமண்ட் ரெனால்ட்ஸ், அடால்ஃபோ பிரான்ஸ்டைன் ஆகிய இருவரும் இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். உடல்நலமுள்ள 14 பேர், தரையோடு தரையாக ஓடக்கூடிய ஒரு மேடையின் மீது நடந்து ஏற வேண்டும். முதலில் மேடை அசையாமல் இருந்தபோது 10 முறை ஏறினார்கள்; பிறகு அது விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது 20 முறை ஏறினார்கள். கடைசியாக, இனி மேடை ஓடாது என்று தெளிவாக அறிவித்துவிட்டு மறுபடியும் 10 முறை ஏறச் செய்தார்கள். மேடையை அணுகும் நடைவேகம், உடற்பகுதியின் சாய்வு, கால் தசைகளின் மின் செயல்பாடு ஆகியவை பதிவு செய்யப்பட்டன.

தொடக்கத்தில் விநாடிக்கு 0.60 மீட்டராக இருந்த அணுகுவேகம், ஓடும் மேடைக்குப் பழகியபின் 0.90 மீட்டராக உயர்ந்தது. மேடை நிறுத்தப்பட்ட பிறகு, அதாவது அது ஓடாது என்று அனைவருக்கும் தெரிந்த பிறகு, முதல் முறை ஏறியபோது அவர்களுடைய வேகம் 0.71 மீட்டராக இருந்தது. ஏறியதும் உடற்பகுதி அளவுக்கு மீறி முன்னே சரிந்தது, கால் தசைகளின் செயல்பாடும் அதற்கேற்பக் கூடியது. இரண்டாவது முறையிலேயே இதில் பெரும்பகுதி குறைந்துவிட்டது.

இந்த எண்களில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, மிகையான வேகம் மேடையைத் தொடுவதற்கு முன்பே இருந்தது. எனவே இது தடுமாற்றத்துக்கு உடம்பு காட்டிய எதிர்வினை அல்ல, தடுமாற்றத்தை உண்டாக்கிய முன்னேற்பாடு. மற்றொன்று எனக்கு இன்னும் சுவையானதாகத் தோன்றுகிறது. 0.71 என்பது 0.60க்கும் 0.90க்கும் இடைப்பட்டது. அறிவு முற்றிலும் தோற்றுவிட்டிருந்தால் வேகம் 0.90 அருகிலேயே இருந்திருக்க வேண்டும். முற்றிலும் வென்றிருந்தால் 0.60க்கு இறங்கியிருக்க வேண்டும். கிடைத்ததோ ஒரு சமரசம். மேடை நிற்கிறது என்ற செய்தி நடையைத் திட்டமிடும் இடத்துக்குப் போய்ச்சேராமல் இல்லை; போய்ச்சேர்ந்தும் அங்கே அதற்கு முழு அதிகாரம் தரப்படவில்லை.

14 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. தட்டையான மேடை எஸ்கலேட்டரும் அல்ல. இரண்டாவது குறையைப் போக்கியது 2009இல் ஜப்பானில் ஃபுக்குயி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் உண்மையான எஸ்கலேட்டரையே பயன்படுத்தினார்கள். நின்ற எஸ்கலேட்டரில் படிகளின் உயரம் தொடக்கத்தில் சீராக இருப்பதில்லை, எனவே தடுமாற்றத்துக்கு அந்தச் சீரின்மையே காரணமாக இருக்கலாமே என்ற எளிய ஐயம் ஒன்று உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ள, அதே அமைப்பைப் பின்பற்றி மரத்தால் செய்த படிக்கட்டையும் அவர்கள் ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். அந்த வினோத உணர்வு நின்ற எஸ்கலேட்டரில்தான் வலுவாகத் தோன்றியது. அங்கே உடல் அசைந்த விதத்தில், ஓடும் எஸ்கலேட்டரில் ஏறும் அசைவின் சாயல் இருந்தது. படியின் வடிவம் அல்ல, எஸ்கலேட்டர் என்ற தோற்றமே பழகிய இயக்கத் திட்டத்தைக் கிளப்பிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

உணரிகள் பழகுவதும் கணிப்பு மாறுவதும்

விரைவுத் தகவமைவு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று: உடுத்திய உடையின் உராய்வை ஒரு நிமிடத்தில் மறந்துவிடுவது, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததும் கூசிய கண் விரைவில் தெளிந்துவிடுவது. இவற்றின் பெரும்பகுதி உணரிகளிலும் அவற்றை ஒட்டிய நரம்புச் சுற்றுகளிலும் நடக்கிறது. தோலின் ஆழத்திலுள்ள பசீனியன் உணரி, அழுத்தம் தொடங்கும்போதும் விலகும்போதும் மட்டுமே துடிக்கிறது. இடையில் அழுத்தம் மாறாமல் நீடிக்கும்வரை பேசாமல் இருந்துவிடுகிறது. மாறாததைத் தெரிவித்துக்கொண்டே இருப்பது வீண் செலவு என்பதால் இந்த ஏற்பாடு.

இவ்வகைத் தகவமைவு எவ்வளவு விரைவானதாக இருக்க முடியும் என்பதற்கு ஈயின் பார்வை மண்டலத்தில் நல்ல சான்று இருக்கிறது. ஈக்களின் மூளையில் எச்1 என்று பெயரிடப்பட்ட ஒரு நரம்பணு, காட்சி முழுவதும் பக்கவாட்டில் நகரும் வேகத்துக்கேற்பத் துடிக்கிறது. அட்ரியன் ஃபேர்ஹால், வில்லியம் பியாலெக் உள்ளிட்ட குழு 2001இல் காட்டியது இது: காட்சியின் வேக மாறுபாடு சிறிய எல்லைக்குள் இருக்கும்போது அந்த அணு தன் முழுத் துடிப்பு எல்லையையும் அந்தச் சிறிய மாறுபாட்டைப் பிரித்தறியப் பயன்படுத்துகிறது, மாறுபாடு திடீரென்று பெரிதானால், தன் அளவுகோலையே நீட்டிக்கொண்டு அதே துடிப்பு எல்லைக்குள் பெரிய மாறுபாட்டையும் அடக்கிக்கொள்கிறது. இந்த மாற்றம் ஒரு விநாடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகிறது. புதிய சூழலின் மாறுபாடு எவ்வளவு என்பதைப் புள்ளியியல் நோக்கில் தெரிந்துகொள்வதற்கே குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் தேவையோ, அந்த எல்லையை ஒட்டியே அது நடக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. அளவுகோல் நீண்டும் சுருங்கியும் மாறிக்கொண்டிருந்தால், ஒரே துடிப்புவேகம் ஒரு சமயம் மெதுவான நகர்வையும் இன்னொரு சமயம் விரைவான நகர்வையும் குறிக்கும். படிப்பவருக்கு எந்த அளவுகோல் இப்போது நடப்பில் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். எச்1 அணுவில் அந்தத் தகவல் துடிப்புகளுக்கு இடையிலான கால இடைவெளிகளிலும், மெதுவாக மாறும் சராசரித் துடிப்பிலும் பொதிந்திருக்கிறது.

எஸ்கலேட்டர் நிகழ்வு இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதில் எந்த உணரியும் மழுங்கவில்லை, எந்தப் புலன்செய்தியும் புறக்கணிக்கப்படவில்லை. மாறியிருப்பது, ‘இந்த அசைவைச் செய்தால் இந்தப் புலன்செய்தி வரும்’ என்ற கணிப்பு. ஆனாலும் ஈயின் அணுவுக்கு நேர்ந்த சிக்கல் இங்கேயும் நேர்கிறது: முன்னே சாய்ந்தபடி ஒரு படியில் கால் வைப்பது, படி ஓடினால் சமநிலை, ஓடாவிட்டால் தடுமாற்றம். எந்தக் கணிப்பு நடப்பில் இருக்க வேண்டும் என்பதைச் சூழலின் அடையாளங்களைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும், அந்தத் தீர்மானத்தில்தான் பிழை நுழைகிறது.

சிறுமூளையின் பங்கு

கணிப்பைத் திருத்தும் வேலையில் சிறுமூளை இன்றியமையாதது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, இரண்டு பட்டைகள் கொண்ட டிரெட்மில்லில் நடத்திய சோதனைகளிலிருந்து கிடைக்கிறது. இடது பட்டை ஒரு வேகத்திலும் வலது பட்டை வேறொரு வேகத்திலும் ஓடும். நடப்பவர் முதலில் நொண்டுகிறார், சில நிமிடங்களில் இரு கால்களின் எட்டும் சீராகிவிடுகிறது, பட்டைகளைச் சம வேகத்துக்குக் கொண்டுவந்தால் மறுபக்கமாக நொண்டுகிறார். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களை இதில் நடக்கவைத்து 2006இல் சூசன் மார்ட்டன், ஏமி பாஸ்டியன் இருவரும் வெளியிட்ட முடிவு, நம் நிகழ்வின் மையத்தைத் தொடுகிறது. பட்டையின் வேகம் மாறிய உடனே செய்ய வேண்டிய எதிர்வினைத் திருத்தங்கள் அவர்களிடம் பெரும்பாலும் குறையின்றி இருந்தன. முன்கணிப்பை அடிப்படையாகக் கொண்ட திருத்தங்களும், அவற்றின் விளைவான பின்விளைவும்தான் குன்றியிருந்தன. விரைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வேறு திறன்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரிப்பு தேவையில்லை.

நரம்பணு அளவில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் சுருக்கமாக இதுதான். சிறுமூளைப் புறணியிலுள்ள ஒவ்வொரு பர்கின்ஜி நரம்பணுவுக்கும் இரு வழிகளில் செய்தி வருகிறது: உடலின் நிலையையும் சூழலையும் பற்றிய விரிவான செய்தி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணை இழைகளின் வழியாக; எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு, ஒரே ஒரு ஏறு இழையின் வழியாக. ஏறு இழை சராசரியாக விநாடிக்கு ஒருமுறைதான் துடிக்கிறது. ஆனால் அது துடிக்கும் தருணத்தில் எந்த இணை இழைகள் செயல்பட்டுக்கொண்டிருந்தனவோ அவற்றின் இணைப்பு வலுவிழக்கிறது. இந்த வலுவிழப்பை மசாவோ இட்டோவின் குழு 1982இல் செய்முறையாகக் காட்டியது. கற்றலின் இடம் இது ஒன்றே அல்ல என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டினாலும், பிழையைக் கொண்டு கணிப்பைத் திருத்தும் அமைப்பு என்ற அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.

தெரிந்தும் ஏன் தடுக்க முடியவில்லை

படி நிற்கிறது என்று தெரிந்தவர் ஏன் தடுமாறுகிறார் என்பதே இந்நிகழ்வில் எல்லோரையும் உறுத்தும் கேள்வி. கவனக்குறைவு என்ற பதில் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களின் கவனம் முழுவதும் மேடையின் மீதுதான் இருந்தது. பழக்கதோஷம் என்ற பதிலும் பாதிதான் சரி. அதே லண்டன் குழு 2006இல் செய்த தொடர் ஆய்வில், ஓடும் மேடையில் ஒன்றிரண்டு முறை ஏறினாலே பின்விளைவு தோன்றிவிடுவது தெரியவந்தது. ஒன்றிரண்டு முறையில் உருவானதைப் பழக்கம் என்று சொல்வது கடினம். விழுந்துவிடும் அபாயம் இருப்பதால் அந்த அனுபவம் இவ்வளவு சீக்கிரம் பதிகிறது என்று அக்குழுவினர் கருதுகிறார்கள். அந்தக் கருத்து ஏற்கத் தக்கதாகவே எனக்கும் படுகிறது.

அறிவும் தகவமைவும் ஒன்றோடொன்று எப்படி உரசிக்கொள்கின்றன என்பதை மஸ்ஸோனி, கிராகாவர் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அதில் பங்கேற்றவர்களின் கை அசைவைத் திரையில் 45 பாகை திருப்பிக் காட்டினார்கள். அந்தத் திருப்பத்தைப் பற்றி அவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லி, இலக்குக்குப் பதிலாக 45 பாகை தள்ளியிருக்கும் பக்கத்து இலக்கைக் குறிவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். உத்தி உடனே பலித்தது. திரையில் புள்ளி சரியான இலக்கை அடைந்தது. பணி வெற்றி, திருத்த வேண்டிய பிழையே இல்லை. இருந்தும் அசைவுகள் தொடரத் தொடர, கை மெல்ல மெல்ல விலகத் தொடங்கிப் பிழை வளர்ந்தது. காரணம், தகவமைக்கும் அமைப்பு இலக்கை அடைந்தோமா என்று பார்க்கவில்லை. கை எந்தத் திசையில் செலுத்தப்பட்டதோ அந்தத் திசையில் புள்ளி போனதா என்று மட்டுமே பார்த்தது. அந்த வேறுபாடு இருக்கும்வரை அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது, உத்தியைக் கெடுத்துக்கொண்டு.

இதை வடிவமைப்பில் உள்ள குறை என்று கொள்வதற்கில்லை. எண்ணத்தில் தோன்றுவதையெல்லாம் உடனே நம்பி நடையின் கணிப்புகளை மாற்றிக்கொள்ளும் ஓர் அமைப்பு, தவறான ஒரு சொல்லாலோ ஒரு கணக் குழப்பத்தாலோ மனிதரைக் கீழே தள்ளிவிடக்கூடும். கணிப்பை மாற்றுவதற்கு, உண்மையில் நேர்ந்த பிழையை மட்டுமே சான்றாக ஏற்பது பாதுகாப்பான விதி. அதனால்தான் நின்ற மேடையில் ஒரே ஒரு முறை தடுமாறியதும், பல முறை சொல்லியும் நடக்காத மாற்றம் நடந்துவிடுகிறது.

மறைந்தது எங்கே போயிற்று

ஆய்வுக்கூடத்தில் ஒரே முறையில் பெரும்பாலும் கரைந்துபோகும் பின்விளைவு, அன்றாட வாழ்வில் ஒவ்வொரு முறை நின்ற எஸ்கலேட்டரைக் காணும்போதும் ஏன் திரும்ப வருகிறது? மாரிஸ் ஸ்மித், அலி கஸிசாதே, ரெசா ஷாட்மேர் மூவரும் 2006இல் முன்வைத்த இருவேக மாதிரி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அதன்படி ஒவ்வொரு தகவமைவிலும் இரண்டு செயல்பாடுகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒன்று பிழைக்கு விரைந்து இணங்கி, விரைந்து மறந்துவிடும். மற்றது மெதுவாகக் கற்று, நெடுநேரம் தக்கவைத்துக்கொள்ளும். ஓர் அசைவை நீண்ட நேரம் கற்ற பிறகு அதற்கு எதிரானதைச் சிறிது நேரம் கற்பித்து, வெளிப்பார்வைக்குப் பழையது அழிந்துவிட்டதுபோல் தோன்றும் நிலையில், பிழையே நேராதபடி செய்துவைத்தால், முதலில் கற்றது தானாகவே தலைகாட்டுகிறது. அழிந்ததாகத் தோன்றியது அழியவில்லை. விரைவுப் பகுதி எதிர்த்திசையில் சென்று அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாதிரி மட்டும் எஸ்கலேட்டர் நிகழ்வுக்குப் போதாது. பல மாதம் எஸ்கலேட்டரே காணாதவருக்கும் அந்தத் தடுமாற்றம் வருகிறது. அதே நபர் அடுத்திருக்கும் சாதாரணப் படிக்கட்டில் ஏறும்போது வருவதில்லை. எனவே தகவமைவு, அது கற்கப்பட்ட சூழலின் அடையாளங்களோடு சேர்த்துக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். நகரும் மேடையில் ஒரு வகை நடையில் கற்றது வேறு வகை நடைக்கு மிகக் குறைவாகவே கடத்தப்படுகிறது என்று 2004இல் ரெனால்ட்ஸும் பிரான்ஸ்டைனும் கண்டதும் இதற்கு இசைவானதே. உலோகத் தட்டின் வரிகள், கைப்பிடிப் பட்டை, இருபக்கச் சுவர்கள் என்ற தோற்றத்தைக் கண்டதும் சேமிப்பிலிருந்து ஒரு கணிப்பு முழுதாக எடுக்கப்படுகிறது. விரைவு என்பதன் இரண்டாவது முகம் இது: புதிதாகக் கற்பதன் வேகத்தைவிட, ஏற்கெனவே கற்றவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வேகம் பல மடங்கு கூடுதல். நின்ற எஸ்கலேட்டரை அரிதாகவே சந்திக்கிறோம் என்பதால் அதற்கென்று தனிக் கணிப்பு ஒன்று சேமிப்பில் வலுப்பெற வாய்ப்பில்லாமல் போகிறது. இதே காரணத்தால், அடிக்கடி நின்றுவிடும் எஸ்கலேட்டர் ஒன்றில் தினமும் நடந்தே ஏறவேண்டியவருக்குத் தடுமாற்றம் படிப்படியாகக் குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

சூழலோடு பிணைந்திருப்பது என்னும் இந்தப் பண்பு, மறுவாழ்வுப் பயிற்சியில் நேரடியாக முட்டுக்கட்டையாகிறது. பக்கவாதத்தால் இரு கால்களின் எட்டும் சமமற்றுப்போனவர்களை இரட்டைப்பட்டை டிரெட்மில்லில் நடக்கவைத்து, அவர்களுடைய குறையை வேண்டுமென்றே மிகைப்படுத்தினால், பட்டைகள் சமமானதும் வரும் பின்விளைவு எட்டுகளைச் சீராக்கிவிடுகிறது. நோயைத் திருத்தப் பின்விளைவையே மருந்தாக்கும் இந்த உத்தி அழகானது. டார்சி ரெய்ஸ்மன், பாஸ்டியன் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், டிரெட்மில்லில் பெற்ற மாற்றம் தரையில் நடக்கும்போதும் தொடர்கிறதா என்று பார்த்தார்கள். உடல்நலமுள்ளவர்களைவிடப் பக்கவாதம் கண்டவர்களிடம் அது தரைக்குக் கூடுதலாகக் கடந்து வந்தது. ஆனால் ஒரு வேளைப் பயிற்சியில் கிடைத்த சீர்மை நெடுநேரம் நிற்பதில்லை. அதனால் பின்னர் வந்த முயற்சிகள் பல வாரங்களுக்கு அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பத் தருவதோடு, டிரெட்மில்லிலிருந்து இறங்கியவுடன் தரையில் நடக்கவைப்பதையும் பயிற்சியின் பகுதியாகச் சேர்த்துக்கொண்டன.